தீவில் ஒரு விலாசம்

அன்புள்ள தம்பிக்கு,

நியமனக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது. நீ இன்னும் கையெழுத்திடவில்லை. இன்று காலை வரை உறுதியான செய்தி இவ்வளவுதான். எனக்குச் சொன்னவள் உன் அம்மா. அவளுக்குச் சொன்னவன் நீ. ஏழரை மணிக்கு அவளுடைய கைபேசிக்கு வந்த உன் குரல்பதிவை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவனுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு மூலம் கிடைத்ததில்லை. அப்படியிருந்தும் எட்டு மணிக்குள் செய்தி திரிந்துவிட்டது. அம்மா வேலியடியில் நின்று பக்கத்து வீட்டு ரீச்சரிடம், "மகனுக்குத் தீவிலை பெரிய வேலை கிடைச்சிருக்கு" என்றாள். "எந்தத் தீவு? வேலணையோ, நெடுந்தீவோ?" என்று ரீச்சர் கேட்டார். உன்னுடைய தீவின் பெயர் அம்மாவின் வாயில் வரவில்லை. "தூரத்துத் தீவு" என்றாள். "அப்ப நெடுந்தீவுதான். லண்டனை விட்டிட்டு ஏன் உந்தப் பிள்ளை அங்கை போகுது? குறிகாட்டுவானிலை படகுக்கு நிண்டே அரைநாள் போயிடுமே!" பத்து மணிக்கு நான் கடைக்குப் போனபோது, நீ நெடுந்தீவில் அரசாங்க உத்தியோகம் பார்க்கப்போவதாக எனக்கே இருவர் வாழ்த்துச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. கண்டிராத தீவைவிடக் கண்ட தீவில் உன்னை வைத்து நினைப்பது எனக்கும் சுகமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னவற்றைப் பழைய பழக்கத்தில் ஒரு கல்யாணக் கார்ட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். விளங்கியபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. உங்கள் கணக்காளர் அலுவலகத்தின் வாடிக்கையாளரான ஒரு கம்பனி உன்னைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்கிறது. பல நாடுகளில் தொழில் செய்யும் கம்பனி அது. அதன் இலாபத்தின் பெரும்பகுதி வரி மிகக் குறைந்த ஒரு தீவில் வந்து சேர்கிறது. அது எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டேன். நீ எனக்காக நண்டை உதாரணம் எடுத்தாய்.

"அப்பா, குருநகரிலை நண்டு வாங்கித் தகரத்திலை அடைச்சு ஐரோப்பாவுக்கு அனுப்புற ஒரு கம்பனி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நண்டு கப்பலிலை நேரை போயிடும். விலைப்பட்டியல் மட்டும் தீவுக்குப் போய், அங்கையிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்."

இங்கேயுள்ள கம்பனி ஒரு தகரத்தைப் பத்துக்குத் தீவிலுள்ள தன் சகோதர நிறுவனத்துக்கு விற்கும். சகோதர நிறுவனம் அதையே இருபத்தைந்துக்கு ஐரோப்பியக் கடைக்கு விற்கும். இடையிலுள்ள பதினைந்து தீவில் தங்கிவிடும். தகரத்தில் ஒட்டிய பெயரும் தீவிலுள்ள கம்பனிக்கே சொந்தம். பெயரைப் பாவிப்பதற்கு ஒவ்வொரு தகரத்துக்கும் இங்கிருந்து கட்டணம் போகும். தொழிற்சாலை கட்டிய காசும் தீவு கொடுத்த கடன் என்று எழுதியிருக்கும். அதற்கு வட்டி போகும். எல்லாம் போன பிறகு இங்கே இலாபம் என்று கிடப்பது சதை எடுத்த நண்டுக் கோது மாதிரி. "வரி முப்பது வீதம்தான் அப்பா. ஆனா எதிலை முப்பது வீதம் எண்டதுதான் கதை" என்றாய். நன்றாகச் சொன்னாய். நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலமென்றால் அதையே தலைப்பாகப் போட்டிருப்பேன்.

"சட்டம் விடுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். முன்பின் தெரியாதவனுக்கு என்ன விலைக்கு விப்பியளோ, அந்த விலைக்குத்தான் உங்கடை ஆளுக்கும் விக்கவேணும் எண்டு சட்டம் சொல்லுது. அந்த விலை எது எண்டு காட்டி அறிக்கை எழுதுறதுதான் எங்கடை வேலை."

"உந்த நண்டைப் பற்றி எழுதேக்கை குருநகரிலை ஒருத்தரையாவது கேட்டியளோ?"

"உங்களோடை கதைக்கேலாது அப்பா."

பிறகுதான் உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். முன்பெல்லாம் தீவில் ஒரு பெயர்ப்பலகையும் தபால்பெட்டியும் இருந்தால் போதுமாம். இப்போது, அங்கே உண்மையாக ஆட்கள் இருந்து உண்மையாகத் தீர்மானம் எடுக்கவேண்டும் என்று விதி வந்துவிட்டதாம். எங்கே இலாபம் காட்டினாலும் குறைந்தது பதினைந்து வீதம் வரி கட்டவேண்டும் என்று பல நாடுகள் உடன்பட்டதையும் சொன்னாய். அது மிகப் பெரிய குழுமங்களுக்கு மட்டும்தான், இந்தக் கம்பனி அந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது. ஆகவே தீவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. சம்பளம் இரண்டு மடங்கு, கடல் பார்த்த வீடு. மறுத்தால் இப்போதைய அலுவலகத்தில் உன் இடம் நிலைக்குமோ தெரியாது என்பதையும், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாய். வருடத்துக்கு ஒருமுறை நீ பணிப்பாளர் என்ற முறையில் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடவேண்டும்: கம்பனியின் தீர்மானங்கள் இங்கேதான் எடுக்கப்படுகின்றன.

"எங்கை எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"லண்டனிலை" என்றாய். பிறகு சிரித்தாய். "உதிலை என்ன புதினம் அப்பா? எனக்கு ஐஞ்சு வயசிலையே விலாசம் மாத்தித் தந்தது நீங்கள்தானே!"

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடிதம் அதனால்தான்.

விலாசம் என்ற சொல்லுக்கு எங்களிடம் மூன்று பொருள் உண்டு. தபாற்காரன் தேடுவது ஒன்று. சுருட்டுக் கட்டில் ஒட்டி விற்ற வியாபாரப் பெயர் இன்னொன்று. நல்ல விலாசமென்றால் சுருட்டைப் பார்க்காமலே வாங்குவார்கள். மூன்றாவது, இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வது. "உவர் நல்லா விலாசம் காட்டுறார்" என்று ஊரில் சொல்வது அதைத்தான். உன் புதிய வேலையில் மூன்றும் இருக்கின்றன. உனக்கு ஐந்து வயதில் நான் செய்த வேலையில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன.

போர்நிறுத்தத்தால் ஏ9 பாதை திறந்திருந்த காலம். கொழும்பிலிருந்து அப்பிளும் திராட்சையும் லொறியில் வந்து இறங்கின. சண்டை இனி வராது என்று நாங்கள் பாதி நம்பினோம். நம்பிக்கை வந்தவுடன் எல்லோருக்கும் பிள்ளைகளின் படிப்புத்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நாங்கள் கோப்பாயில் இருந்தோம். நான் விரும்பிய பள்ளிக்கூடம் பட்டினத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கிட்ட வீடு இருக்கிறதோ, அனுமதிக்கு அவ்வளவு புள்ளி. என் தங்கையான உன் மாமியின் வீடு அங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. எனவே காகிதத்தில் நாங்கள் உன் மாமியின் வீட்டு முன்னறையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களானோம். விதானையாரிடம் வதிவிடக் கடிதம், மாமியின் மின்சாரப் பட்டியல், வாடகை உடன்படிக்கை. சகோதர நிறுவனம் என்று நீ சொன்னபோது எனக்கு மாமியின் முகம்தான் வந்தது. பன்னிரண்டு மாதத்து வாடகைச் சிட்டையையும் ஒரே இருப்பில் எழுதினாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாதென்று நீலப் பேனை, கறுப்புப் பேனை என்று மாற்றி மாற்றி எழுதினாள்.

"அண்ணை, மார்கழி மாசம் வாடகை பிந்தித்தான் தந்தனீங்கள் எண்டு எழுதட்டோ? அப்பத்தான் நம்புவினம்."

"நான் எப்ப பிந்தினனான்?"

"நீங்கள் எப்ப தந்தனீங்கள்!"

முன்பின் தெரியாதவர்கள் போல நடந்துகொள்ளவேண்டும் என்ற சட்டத்தை உன் மாமி உங்கள் அலுவலகத்துக்கு முதலே அறிந்துவைத்திருந்தாள்.

உனக்கு நான் ஒரு வசனம் சொல்லித்தந்தேன். மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால், பெற்றோல் தாங்கியின் மேல் உன்னை இருத்திக்கொண்டு போவேன். இருபாலைச் சந்தி தாண்டியதும் கேட்பேன், "தம்பியின்ரை வீடு எங்கை?" நீ காற்றுக்கு எதிராகக் கத்துவாய்: "எங்கடை வீடு இதுதான். நான் முன்னறையிலை அம்மாவோடை படுக்கிறனான்." கல்வியங்காடு வரும்வரை திரும்பத் திரும்பக் கத்துவாய். மாரிக்காலமென்றால் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்கும்; உன் தலையிலிருந்து நல்லெண்ணெயும் சவர்க்காரமும் மணக்கும். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வருவாய். நீ வாசிக்கப் பழகியது அந்த வீதியில்தான். என் வாழ்வில் மிக நல்ல காலைகள் அவை. ஒரு பொய்யைப் பழக்குவதற்காகத் தொடங்கிய காலைகள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

வீடு பார்க்கப் பள்ளிக்கூடத்தின் உப அதிபர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் ஒரு கோப்பு. உன் உடுப்பும் என் சாரமும் முன்னறைக் கொடியில் தொங்கின. எல்லாம் சரியாக இருந்தது, மாமியின் நாயைத் தவிர. அது என்னைக் கண்டு குரைக்கத் தொடங்கி நிறுத்தவேயில்லை. உப அதிபரை அது ஒன்றும் செய்யவில்லை. அந்த வீட்டில் ஒரு வருடமாகக் குடியிருக்கும் என்னைத்தான் கடிக்க வந்தது.

"என்ன, வீட்டு ஆளைப் பார்த்து நாய் உப்பிடிக் குலைக்குது?" என்றார்.

மாமி கொஞ்சமும் தடுமாறவில்லை. "அது அண்ணையைக் கண்டா எப்பவும் உப்பிடித்தான் சேர். செல்லம் கூடிப்போச்சு."

அவர் குனிந்து உன்னிடம் கேட்டார். நீ ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாய். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கோப்பில் எதையோ எழுதினார், தேநீர் குடிக்காமல் போய்விட்டார். இடம் கிடைத்தது. நான் பத்திரிகைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் கேட்காமல் விட்ட கேள்வி அது.

திரும்பி வரும்போது நீ கேட்டாய், "அப்பா, இனி நாங்கள் மாமி வீட்டிலையோ இருக்கிறது?"

"இல்லையடா, கோப்பாயிலைதான்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனான்?"

"அது பேப்பருக்குச் சொன்னது."

என் உலகத்தில் பேப்பர் என்றால் படிவம். உன் உலகத்தில் பேப்பர் என்றால் நான் வேலை செய்யும் பத்திரிகை. "அப்ப நாளைக்கு வருமோ?" என்று கேட்டாய். இரண்டு கிழமை, நான் கொண்டுவரும் பத்திரிகையைத் தரையில் விரித்து, நீ சொன்ன வசனம் எங்கே என்று தேடினாய். இதை அம்மா இன்றும் பகிடியாகச் சொல்வாள். நானும் பல வருடம் பகிடியாகத்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் அனுமதிக் காலம் வந்தபோது, போலி விலாசங்களைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் என்னிடம் சொன்னார். மூன்று பகுதியாக எழுதினேன். ஒரே வீட்டு இலக்கத்தில் ஒன்பது பிள்ளைகள் பதிந்திருந்ததை எழுதினேன். படுக்க இடமேயில்லாத ஒரு சைக்கிள் கடையில் ஒரு குடும்பம் "வசித்ததை" எழுதினேன். எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குனராக இருந்தவர் குலம். என்னைவிட நான்கு வயது இளையவர், எழுத்துப் பிழை பார்ப்பதில் அவருக்கு நிகர் இல்லை. கடைசிப் பகுதியின் படியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பிழை ஒண்டுமில்லை அண்ணை. ஒரு விலாசம்தான் விடுபட்டுக் கிடக்கு."

சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். குலம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்வீதியில் பிறந்து அங்கேயே குடியிருப்பவர். அவருடைய மகனுக்கும் உன் வயது. முந்திய வருடம் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்ற பெயர் அவனுடையது. இதை எனக்கு அன்றைக்கு யாரும் புதிதாகச் சொல்லவில்லை. பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டிய நாளே வாசித்திருந்தேன். வாசித்துவிட்டு உனக்குச் சப்பாத்து வாங்கப் போனேன்.

விடுபட்டதை நான் சேர்க்கவில்லை. கட்டுரை வந்தது, பலர் பாராட்டினார்கள். அதன் பிறகு பல வருடம் குலம் என் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒருமுறையாவது கதைக்கவில்லை. அவருடைய மகன் வேறு பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது கிளிநொச்சியில் கணித ஆசிரியர், நன்றாகவே இருக்கிறான். எங்கள் விலாசத்தால் அவன் எதை இழந்தான் என்று உறுதிப்படுத்த வழியில்லை. ஆகவே அவன் வாழ்க்கை கெட்டது என்று எழுதமாட்டேன். ஒன்றும் இழக்கவில்லை என்றும் எழுதமாட்டேன்.

அந்தப் பொய் பிறகு பாதி உண்மையாகிவிட்டதையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் நீ மாமி வீட்டில்தான் சாப்பிட்டுப் படுப்பாய். நான் வேலை முடிந்து வரும்போது உன் காலடியில் அந்த நாய் கிடக்கும். வருடங்கள் போக, முன்னறையை "தம்பியின்ரை அறை" என்றே எல்லோரும் சொன்னோம். உன்னுடைய தீவிலும் அப்படித்தான் நடக்கும். மேசை வரும், கதிரை வரும், சுவரில் நாட்காட்டி வரும். மூன்றாம் வருடம் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது அது பொய்யென்றே உனக்குத் தோன்றாது.

நான் அப்படிச் செய்யாவிட்டால் வேறொருவன் செய்து அந்த இடத்தை எடுத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொன்னாய். அது சரியான தகவல். வேறொருவன் எடுத்திருப்பான்தான். ஆனால் நான் செய்ததில் இடம் இழந்தவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவனுடைய தகப்பன் என் மேசைக்கு வந்து ஒரு வசனம் சொன்னார். உங்கள் கம்பனி கட்டாமல் விடும் வரியில் எந்த ஊரின் எந்தப் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போகிறது என்று எந்தப் பலகையிலும் ஒட்டமாட்டார்கள். அந்த வேலையின் சௌகரியமே அதுதான். நீங்கள் செய்வது சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. விலையைப் பற்றிய அறிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல அறிவும் இல்லை. என் கேள்வி அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. தீர்மானம் லண்டனில் எடுக்கப்படும் என்று நீயே சொன்னாய். தீவில் எடுக்கப்படுகிறது என்று நீயே எழுதப்போகிறாய். ஐந்து வயதில் நீ சொன்ன பொய் என்னுடையது. அதற்கு நீ பொறுப்பில்லை. அதைச் சுட்டி இதைச் சரியென்று சொல்ல உனக்கு உரிமை இல்லை, தம்பி. சுட்டிக்காட்டினால் வெட்கப்படவேண்டியவன் நான் மட்டும்தான்.

அம்மாவுக்கு நீ போகவேண்டும் என்றுதான் விருப்பம். ஆறு வருடமாக ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிறாய் என்பது அவளுக்குப் பெரிய மனவருத்தம். வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்கிறாள். நீ போனாலும் நீ எங்கள் பிள்ளைதான். ரீச்சருக்கும் நான் சரியான தீவைச் சொல்லிவிடுவேன்.

இன்று பின்னேரம், இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு குலத்திடம் போனேன். அவர் இளைப்பாறிவிட்டார், கண்ணுக்குக் கண்ணாடி தடித்திருக்கிறது. விறாந்தையில் இருந்து முழுவதையும் வாசித்தார். இரண்டு ஒற்றெழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தினார். "பேப்பருக்கோ?" என்று கேட்டார். "ஓம், ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றேன். "அப்ப தங்கச்சியின்ரை சிட்டையும் வரப்போகுது. அந்த மனுசியைக் கேட்டனீங்களோ?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகும் விடுபட்டதை முதலில் காண்பவர் அவர்தான்.

ஆகவே இன்றைய நிலை இது. மாமிக்கு இன்னும் எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளிடம் போய் வாசித்துக் காட்டப்போகிறேன். அவள் வேண்டாமென்றால் அச்சில் வராது. உனக்கு மட்டும் வரும். பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய கடைசி நேரம் சனிக்கிழமை காலை. நீ கம்பனிக்குப் பதில் சொல்லவேண்டியது வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள். எங்களுக்கு அப்போது மாலை ஐந்தரை. நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்பது இதை எழுதி முடிக்கும்வரை தெரியவில்லை. அந்த நேரம் நான் மாமி வீட்டு முன்னறையில் இருப்பேன். அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்காதே, எனக்கு எடு.

அப்பா